அடி மட்டும் போதாது: 1869-ஆம் வருடச் சட்டம்

வேளாங்கண்ணிக்குப் போகும்போதெல்லாம் வேண்டுதலாகக் கட்டியிருக்கும் மஞ்சள் கயிறுகளைப் பார்ப்பேன். கல்யாணம் நடக்கணும்னு கட்டியவை அதில் நிறைய. எனக்கு அங்கே ஞாபகம் வருவது பெரியம்மா ஒருத்தர். 1980-களில் புருஷனின் அடி தாங்காமல் நாகப்பட்டினத்தில் வக்கீலைப் பார்க்கப் போனார்.

"அவருக்கு வேற பொம்பளையோட தொடர்பு இருக்காம்மா?"

"இல்லைங்க. குடிச்சிட்டு அடிக்கிறார்."

"அப்போ பிரிஞ்சு வாழ உத்தரவு வாங்கலாம். விவாகரத்து கிடைக்காது."

வக்கீல் சொன்னது சரி. கிறிஸ்தவர்களுக்கான 1869 இந்திய விவாகரத்துச் சட்டத்தின் 10-ஆம் பிரிவைப் படித்தால் தெரியும். மனைவி சோரம் போனாள் என்று நிரூபித்தாலே கணவனுக்கு விவாகரத்து உண்டு. மனைவி கேட்டால் அது போதாது. கணவனின் கள்ள உறவோடு கொடுமையையோ, இரண்டு வருடம் கைவிட்டுப் போனதையோ சேர்த்து நிரூபிக்கணும். மதம் மாறி வேறு கல்யாணம் செய்வது போன்ற சில காரணங்கள் தனி. நாலு சுவருக்குள் நடந்ததற்கு ஒரு பெண் சாட்சிக்கு எங்கே போவாள்? அப்படியே ஜெயித்தாலும், மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பை உயர் நீதிமன்றம் உறுதி செய்யணும்.

இங்கிலாந்தின் 1857 சட்டம்தான் இதற்கு அச்சு. இந்தப் பாகுபாட்டை அவர்கள் 1923-லேயே நீக்கிவிட்டார்கள். நாம் விடவில்லை. 1995-ல் கேரள உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவில் கை வைத்தது. நாடாளுமன்றம் திருத்தியது 2001-ல்தான். ஆக 132 வருடம்! இப்போது கொடுமை மட்டுமே போதும். இருவரும் மனமொத்துப் பிரியவும் வழி உண்டு.

"சாமியார்கிட்ட சொல்லி ரத்து வாங்கிட்டா போதாதா?" என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். போதாது. திருச்சபைத் தீர்ப்பாயம், திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று சொல்லலாம். அது தேவாலயத்துக்குள் செல்லும். சட்டப்படி திருமணத்தைக் கலைக்க நீதிமன்றத்தால்தான் முடியும் என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது.

உறவு ஒட்டவே முடியாதபடி முறிந்துபோனது என்பது மட்டும் இன்னும் சட்டத்தில் தனிக் காரணமாக இல்லை. அந்த அடிப்படையில் தன் சிறப்பு அதிகாரத்தைக் கொண்டு தானே விவாகரத்து தரலாம் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. குடும்ப நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது.

2001-ல் சட்டம் மாறிய செய்தியைப் பெரியம்மாவிடம் சொன்னேன். அப்போது அவருக்கு அறுபது தாண்டியிருந்தது.

"இப்ப எனக்கு எதுக்குப்பா அது?" என்றார்.