கார் கொட்டகைக் குடியிருப்பு: தீப்பாதுகாப்பு விதிகள் (கலிபோர்னியா)

கார் கொட்டகையைப் பின்முற்றத் துணைக் குடியிருப்பாக மாற்றும்போது, தீ விபத்தில் உயிர்காக்கக் கடைப்பிடிக்க வேண்டிய கட்டட விதிகளின் தொகுப்பு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2017இல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தங்கள் இத்தகைய மாற்றத்தை எளிதாக்கின. விதிகள் மூவகைப்படும்.

எச்சரிக்கை: ஒவ்வொரு படுக்கையறைக்கு உள்ளேயும் வெளியேயும் புகை உணர்கருவி தேவை; எரிவாயுச் சாதனம் இருப்பின் கார்பன் மோனாக்சைடு உணர்கருவியும் தேவை.

வெளியேற்றம்: தரைத்தளப் படுக்கையறைச் சன்னலின் திறப்பு குறைந்தது 5 சதுர அடி, அகலம் 20, உயரம் 24 அங்குலத்துக்குக் குறையலாகாது. அடிவிளிம்பு அறைத்தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேற்படலாகாது. உறங்குபவர் வெளியேறவும், கவச உடையணிந்த தீயணைப்பு வீரர் உள்நுழையவும் இவ்வளவு தேவை.

தீத்தடுப்பு: தீயணைப்பு நீர்த்தெளிப்பான் இல்லாத கட்டடத்தில், மனை எல்லையிலிருந்து 5 அடிக்குள் அமையும் வெளிச்சுவர் 1 மணிநேரம் தீயைத் தாங்க வேண்டும். முதன்மை வீட்டுக்குத் தெளிப்பான் கட்டாயமில்லையெனில், துணைக் குடியிருப்புக்கும் கட்டாயமில்லை.