சார்னாக்கின் கல்லறைக் கல்

தவளக்குப்பத்தில் கிணறு வெட்டினால் மணலும் களிமண்ணுமே வரும், பாறை எட்டாது. பாறை வேண்டுமெனில் வடமேற்கே திண்டிவனம் பக்கம் போகவேண்டும். அங்கே உடைபடும் கருநீல ஜல்லியை நாம் கருங்கல் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். நிலவியலார் அப்படி விடவில்லை. இக்கல்லின் குலம் கோத்திரம் பற்றிய வழக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது.

வழக்கின் முதல் ஏடு புதுச்சேரியைத் தொட்டுச் செல்வது. 1816இல் இங்கு வந்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெஷெனோ, செடிகளோடு சேலத்துக் கற்களையும் சேகரித்தார். அவற்றைப் பின்னாளில் பாரிசில் ஆராய்ந்த லாக்ருவா, 1889இல் பைராக்சீன் நைஸ் என்றார்; அதாவது உருமாறிய பாறை.

கல்கத்தாவில் இருந்த தாமஸ் ஹாலந்தின் பார்வை வேறு. ஜோப் சார்னாக்கின் கல்லறைப் பலகை சென்னைப் பக்கத்துக் கல் என்று கண்டு, 1893இல் அதற்குச் சார்னோகைட் எனப் பெயரிட்டார். சாதாரணக் கிரானைட்டில் நீரைத் தன்னுள் கொண்ட மைக்கா இருக்கும். இதிலோ நீரற்ற ஹைப்பர்ஸ்தீன். மிகுவெப்பத்தில், வறண்ட சூழலில் பிறந்த கல் என்பதற்கு அதுவே சாட்சி. 1900இல் ஹாலந்து பல்லாவரம், பரங்கிமலைப் பாறைகளை அமில, இடைநிலை, கார, மீக்கார வகைகளாகப் பிரித்து, அனைத்தும் ஒரே பாறைக்குழம்பின் மக்கள் என்றார். அழகான வம்சாவளிதான். அழகே ஐயத்துக்கு இடமளித்தது என்று நமக்குத் தோன்றுகிறது.

1959இல் ஏ.பி. சுப்பிரமணியம் அதே பல்லாவரத்தை மீண்டும் ஆராய்ந்து குடும்பத்தைக் கலைத்தார். அமில வகை மட்டுமே சார்னோகைட். கார வகைகள் வேறு வழி வந்த கிரானுலைட்டுகள், உடன்பிறந்தார் அல்லர், அண்டைவீட்டார். பின்னர் வந்த சர்வதேச வகைப்பாடு பூர்வீகத்தையே கேட்பதில்லை. குவார்ட்ஸ், இருவகை ஃபெல்ட்ஸ்பார் ஆகியவற்றின் விகிதத்தை எண்ணுகிறது. பிளாஜியோகிளேஸ் மிகுந்தால் பெயர் எண்டர்பைட். அண்டார்டிக்காவின் எண்டர்பி நிலம் தந்த பெயர் அது.

லாக்ருவா தோற்றுவிட்டாரா? இல்லை. 1960இல் பிச்சமுத்து, கர்நாடகத்தின் கப்பல்துர்க்காவில் வெளிர்நிற நைஸ் திட்டுத்திட்டாகக் கரும்பச்சைச் சார்னோகைட்டாக மாறி நிற்பதைக் காட்டினார். கரியமில வாயு மிகுந்த பாய்மம் ஊடுருவி நீரை வெளியேற்றியதே காரணம் என்பது பின்வந்த பலரின் கருத்து. ஆக, குழம்பிலிருந்து உறைந்ததும் இருந்த இடத்திலேயே உருமாறியதும் ஒரே பெயரைச் சுமக்கின்றன. சம்மட்டியோடு குவாரிக்குள் இறங்குபவர் பெயரைச் சொன்ன பிறகும் பிறப்பைத் தனியே விசாரிக்க வேண்டியிருக்கிறது.