பெட்ரோலா, டீசலா? மாசம் எவ்ளோ ஓட்டுவீங்கனு முதல்ல பாருங்க!

'டீசல் வண்டின்னா இழுவை இருக்கும், மைலேஜ் தரும்' - கார் வாங்கப் போனால் எல்லோரும் சொல்வது இதுதான். உண்மைதான். ஆனா, உங்களுக்கு அது தேவையா?

முதலில் இழுவை. ஹூண்டாய் க்ரெட்டாவின் 1.5 லிட்டர் சாதா பெட்ரோல், டீசல் இரண்டுக்கும் பவர் சுமார் 115 பிஎஸ். ஆனால் டார்க், பெட்ரோலில் 144 நியூட்டன் மீட்டர், டீசலில் 250. ட்ரெய்லர் இழுக்கவோ, ஃபுல் லோடில் கொடைக்கானல் ஏறவோ டீசல்தான் கெத்து.

அடுத்து செலவு. பெட்ரோல் 100 ரூபாய், மைலேஜ் 15 கி.மீ, டீசல் 92 ரூபாய், 20 கி.மீ என வைத்துக்கொள்வோம். டீசலில் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் மிச்சம். காருக்கு 1.5 லட்சம் கூடுதலாகக் கொடுத்திருந்தால், அதை எடுக்கவே 75,000 கி.மீ ஓட்டணும். மாதம் 2,000 கி.மீ என்றால் மூன்று ஆண்டு, 1,000 கி.மீ என்றால் ஆறு ஆண்டுக்கு மேல்!

இன்னொன்று, பிஎஸ்-6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் இருக்கும். ஹைவேயில் சீராக ஓடினால் கரி எரிந்துவிடும். சிட்டி டிராஃபிக்கிலேயே உருட்டினால் அடைத்துக்கொள்ளும்.

ஆக, வீடு டு ஆபீஸ் மட்டும்தான்னா பெட்ரோல் போதும். வாராவாரம் ஊருக்குப் போறீங்க, லோடு இழுக்கிறீங்கன்னா தாராளமா டீசல் எடுங்க.