பத்து வெள்ளிக் கணக்கு

கெடா தோட்டங்களில் மாரியம்மன் திருவிழாவுக்குக் கொடி ஏறும் முன்பே ஒரு நோட்டுப்புத்தகம் லயம் லயமாக ஏறி இறங்கிவிடும். கோயில் தலைவரும் கணக்கரும் வாசலில் நின்று பெயரையும் தொகையையும் எழுதுவார்கள். ‘அடுத்த சம்பளத்துல தரேன்’ என்றால் அதையும் எழுதிக்கொள்வார்கள். சில தோட்டங்களில் அந்தச் சிரமமும் இல்லை. கிராணி சம்பளத்திலேயே பிடித்துவிடுவார். துரை தன் பங்குக்கு ஏதோ கொடுத்து, திருவிழாவன்று மாலை வாங்கிக்கொண்டு முன்வரிசையில் உட்காருவார்.

தோட்டத்து ஜனங்களுக்குச் சேமிக்கத் தெரியாது, எல்லாம் கள்ளுக்கடையோடு போச்சு என்ற பேச்சு இன்றும் நகரத்தில் உண்டு. கள் இருந்தது உண்மைதான். போர் முடிந்த கையோடு அதே கள்ளுக்கடைகளை எதிர்த்து பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படை கிளம்பியதும் உண்மைதானே? 1950-களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் கேட்டு கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி திரட்டினார். தலைக்கு ஒரு வெள்ளி. பல்கலைக்கழக வாசலை மிதிக்க வாய்ப்பே இல்லாத பால்மரத் தொழிலாளர்களும் கொடுத்தார்கள். கொடுக்கிற பழக்கத்துக்குக் குறைவே இருந்ததில்லை.

குறை வேறு இடத்தில் இருந்தது. கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக் கூரைக்கும் நாடக மேடைக்கும் இவர்கள் கொட்டிய காசு முழுக்க அடுத்தவன் நிலத்தில் நின்றது. சாமி நம்முடையது, மண் கம்பெனியுடையது. துரை இருக்கும்வரை இது யாருக்கும் உறைக்கவில்லை.

1950-களில் உறைத்தது. சுதந்திரம் நெருங்க நெருங்க, வெள்ளைக்காரக் கம்பெனிகள் சில தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் துண்டு துண்டாகக் கூறுபோட்டு லாபத்துக்கு விற்றார்கள். நூறு ஏக்கருக்கு ஒரு முதலாளி, பத்து ஏக்கருக்கு ஒரு முதலாளி என்று ஆனபின், லயத்தையும் ஆயாக் கொட்டகையையும் யார் நடத்துவது? வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. பலருக்குக் குடியுரிமைப் பத்திரம்கூடக் கையில் இல்லை. இந்தத் தோட்டத் துண்டாடலைப் பற்றி உங்கு அசீஸ் தனியாக ஆய்வே செய்தார்.

அப்போது ம.இ.கா. தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு நூறு வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். அந்தப் பணத்தில் விற்பனைக்கு வரும் தோட்டத்தை முழுசாக, துண்டாடாமல் வாங்குவது. அவ்வளவுதான் திட்டம்.

பொருளாதார மேதைமை என்று இதைச் சொல்ல மாட்டேன். கோயில் நோட்டுப்புத்தகத்தின் நீட்சிதான் இது. அதே சம்பள நாள், அதே வரிசை. ஆனால் கேட்டது பெரிய காசு. நாள் சம்பளம் சில வெள்ளிகளே இருந்த காலத்தில் பத்து வெள்ளி என்பது சில நாள் உழைப்பு. அதோடு, திருவிழாக் காசு ஒரே மாதத்தில் பந்தலாகவும் மேளமாகவும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். இந்தக் காசு எங்கே போகிறது என்றே தெரியாது. அதனால்தான் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேச வேண்டியிருந்தது. அமைச்சர் நேரில் வந்து கேட்டதால் கொடுத்தவர்களும் இருந்திருப்பார்கள். நம்பிக்கை எந்த வழியாகவும் வரும்.

சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் கெடாவில்தான் இருக்கிறது: புக்கிட் சீடிம். 1979-இல் சம்பந்தன் இறந்தபோது சங்கத்தின் கையில் பதினைந்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் இருந்தன.

தோட்டம் கைமாறியதால் மரம் சீவுகிறவர் துரையாகிவிடவில்லை. விடியுமுன் பெரட்டுக்கு நிற்பதும் வாளி சுமப்பதும் அப்படியேதான் இருந்தன. பங்குதாரர் வேறு, நிர்வாகி வேறு என்பதைப் பலர் கசப்போடுதான் புரிந்துகொண்டார்கள். ஆனால் ஒன்று உண்டு. நாளைக்கு யாரோ வந்து கூறுபோட்டு விற்றுவிடுவான் என்ற பயம் இல்லாமல் அங்கே தூங்க முடிந்தது. 1980-களில் மைக்காவுக்காக மீண்டும் பெரிய அளவில் பணம் திரட்டப்பட்டது. அதன் கசப்பு இன்னும் போகவில்லை. அதோடு சேர்த்து இந்தச் சங்கத்தையும் ஒரே மூட்டையில் கட்டிப் பேசுவது நியாயமில்லை.

இன்று சுங்கை பட்டாணியைச் சுற்றி முன்பு தோட்டமாக இருந்த இடமெல்லாம் தாமான்கள். தோட்டம் போனபின்னும் சில இடங்களில் கோயில் மட்டும் வீடுகளுக்கு நடுவே நிற்கிறது. பிள்ளைகள் பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் திருவிழாவுக்கு வருகிறார்கள். வசூல் இப்போது வாட்சாப்பில், வங்கிக் கணக்கு எண்ணோடு. கோபுரம் உயர்ந்துகொண்டே போகிறது. கோயில் நிலத்தின் கிராண்ட் யார் பெயரில் இருக்கிறது என்று அந்தக் குழுவில் கேட்டுப் பாருங்கள்.