திவான்: கலீஃபா எழுதவைத்த ஏடு

பஹ்ரைனிலிருந்து தான் கொண்டுவந்த தொகையை நபியின் தோழர் அபூஹுரைரா சொன்னபோது கலீஃபா உமர் நம்பவில்லை. ஐந்து லட்சம் திர்ஹம். சொல்வது என்னவென்று தெரிந்துதான் சொல்கிறீரா என்று கேட்டார். அபூஹுரைரா நூறாயிரம், நூறாயிரம் என்று ஐந்து தடவை அடுக்கிக் காட்டினாராம். இதை எண்ணிக் கொடுப்பதா, அளந்து கொடுப்பதா என்று மதீனாவில் பேச்சு எழுந்தது. பிறநாட்டு மன்னர்கள் இதற்கென்று ஏடு வைத்திருக்கிறார்களே என்று ஒருவர் எடுத்துக் கொடுத்தார். அந்த ஏட்டுக்குப் பாரசீகர் வழங்கிய பெயர்தான் திவான்.

இச்சொல்லுக்கு வேர் பழம் பாரசீகத்தில் எழுத்தைக் குறித்த ‘திபி’ என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. அசோகரின் வடமேற்குக் கல்வெட்டு ஒன்றில் ‘லிபி’ என்பது ‘திபி’ என்றே பொறிக்கப்பட்டிருக்கிறது. இதைவிடச் சுவையான கதை ஒன்றும் உண்டு. எழுத்தர்கள் தமக்குத் தாமே முணுமுணுத்துக் கணக்குப் போடுவதைப் பார்த்த பாரசீக மன்னர், ‘திவானா’, அதாவது பித்தர்கள், என்றாராம். வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன் வரை இதைச் சொல்லியிருக்கிறார்கள். ரசிக்கலாம், சொல்லின் பிறப்புக்குச் சான்றாகக் கொள்ள முடியாது.

உமரின் திவான் ஹிஜ்ரி 20-இல், கி.பி. 641 வாக்கில், எழுந்தது என்பது பரவலான கணக்கு. யாருக்கு ஆண்டுக்கு எவ்வளவு உதவித்தொகை என்று காட்டும் பெயர்ப் பட்டியல் அது. வம்சாவளி அறிந்த மூவர் எழுதினார்கள். நபியின் குலமான பனூ ஹாஷிமை முதலில் வைத்து, அடுத்து முதல் கலீஃபா அபூபக்கரின் குலம், அதற்கடுத்து உமரின் குலமான பனூ அதீ என்று வரிசைப்படுத்தினார்கள். ஆட்சிக்கு வந்த வரிசைப்படி பார்த்தால் சரிதான். உமர் ஒப்பவில்லை. நபிக்கு யார் எவ்வளவு நெருங்கிய உறவோ அந்த முறையில் எழுதுங்கள், உமர் எந்த இடத்தில் வருகிறாரோ அங்கே வையுங்கள் என்றார். குலத்தார் வந்து முறையிட்டும் பட்டியல் மாறவில்லை.

சொந்த வீட்டுக்கும் அதே அளவுகோல். மகள் ஹஃப்ஸா நபியின் துணைவியருள் ஒருவர் என்பதால் பெருந்தொகை பெற்றார். மகன் அப்துல்லாஹ்வின் கதை வேறு. மக்காவிலிருந்து முதலில் குடிபெயர்ந்தவர்களுக்கு 4,000 திர்ஹம். அப்துல்லாஹ்வுக்கு மட்டும் 3,500. அவரும் குடிபெயர்ந்தவர்தானே என்று கேட்டார்கள். தாய் தந்தை கூட்டிவந்த பிள்ளை, தானாகக் கிளம்பி வந்தவருக்கு ஈடாக மாட்டான் என்பது உமரின் பதில். புகாரியின் ஹதீஸ் தொகுப்பில் இந்தச் செய்தி இருக்கிறது.

பால்குடி மறந்த குழந்தைக்குத்தான் பணம் என்று முதலில் விதி இருந்தது. ஓர் இரவு ஓயாமல் அழுத குழந்தையின் தாயிடம் உமர் காரணம் கேட்டார். கேட்பது யாரென்று தெரியாமலே, உமர் பால்குடி மறந்த பிள்ளைக்குத்தான் தருகிறார், அதனால் முன்கூட்டியே நிறுத்தப் பார்க்கிறேன் என்றாள் அவள். விடிந்ததும் விதி மாறியது. பிறந்த நாள் முதலே குழந்தையின் பெயர் ஏட்டில் ஏறியது.

ஏட்டுக்கு வந்த பெயர் பிறகு ஏடு இருக்கும் அலுவலகத்துக்கு ஒட்டியது. சிரியாவின் வரிக் கணக்கு கிரேக்கத்திலும் இராக்கின் கணக்கு பகலவியிலும் நெடுநாள் நடந்தன. கலீஃபா அப்துல் மலிக் (685–705) காலத்தில்தான் அவை அரபுக்கு மாறின. உமர் தொடங்கிய உதவித்தொகைப் பட்டியல் நிரந்தரமாக நிலைக்கவில்லை. 833-இல் கலீஃபா முஃதஸிம் எகிப்து அரபுகளின் பெயர்களை நீக்கச் சொல்லிவிட்டார்.

சொல் மட்டும் நிற்காமல் நடந்தது. ஒரு கவிஞரின் பாடல்களைத் திரட்டிய ஏடு திவான். ஹாஃபிஸின் திவான் அப்படித்தான். உஸ்மானியரிடம் அது ஆலோசனை சபை. சபை மண்டபத்தின் மெத்தை இருக்கைகளுக்கும் அதே பெயர் பரவியது. கடைகளில் விற்கும் திவான் கட்டில் அந்த வழியில் வந்தது. மத்தியதரைக் கடல் துறைமுகங்களில் சுங்கச் சாவடிக்கும் இச்சொல்லே போயிற்று. பிரெஞ்சின் ‘துவான்’, இத்தாலியின் ‘தொகானா’ இரண்டும் இதன் வாரிசுகள்.

இந்தியாவில் ஏடே ஆளாகிவிட்டது. முகலாய மாகாணத்தின் வருவாய் அதிகாரி திவான். அவர் வேலை திவானி. வங்காளம், பீகார், ஒரிசாவின் திவானியைத்தான் 1765-இல் இரண்டாம் ஷா ஆலமிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கியது. சமஸ்தானங்களில் திவான் என்றால் முதலமைச்சர். கும்பகோணத்துக்காரர் டி. மாதவராவ் திருவிதாங்கூர், இந்தூர், பரோடா என மூன்று சமஸ்தானங்களில் அந்தப் பதவியில் இருந்தார். பிரிட்டிஷ் அரசு ‘திவான் பகதூர்’ என்று பட்டமும் வழங்கியது. எந்தச் சமஸ்தானத்தின் கணக்கையும் பார்த்திராத வக்கீல்களும் அதைப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டார்கள்.