சிவகங்கைச் சீமையின் நீதிமன்ற ஆவணங்கள்

19, 20-ஆம் நூற்றாண்டுகளில் இன்றைய சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டப் பகுதிகளில் எழுந்த வழக்குகளின் தாவா மனுக்கள், சாட்சிகளின் வாக்குமூலங்கள், தீர்ப்புகள் ஆகியவை தென் தமிழ்நாட்டுச் சமூக வரலாற்றுக்கு முக்கியமான சான்றுகளாகும். இவற்றுள் சில வழக்குகள் மதுரையில் தொடங்கி, சென்னை வழியாக இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றவை.

காரைக்குடியை அடுத்த குன்றக்குடி, சிவகங்கைச் சீமையைச் சேர்ந்த ஊர். அங்குள்ள சண்முகநாதர் மலைக்கோயிலுக்கு மருது சகோதரர்கள் செய்த திருப்பணிகளை ஊரார் இன்றும் நினைவுகூர்கின்றனர். பொதுவாகக் கோயில் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் கொடை கொடுத்தவரின் பெருமையைக் கூறும். நீதிமன்ற ஆவணங்களோ ஒரு குடும்பத்துக்குள் நடந்த பிணக்கையும், உரிமை மறுக்கப்பட்டவரின் முறையீட்டையும் பதிவு செய்தன. கல்வெட்டுகளில் அரிதாகவே இடம்பெறும் பெண்களின் கோரிக்கைகள் இவற்றில் விரிவாகக் கிடைக்கின்றன.

நீதிமன்ற அமைப்பு

1802-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டங்களின்படி சென்னை மாகாணத்தில் ஜில்லா நீதிமன்றங்கள் தோன்றின. 1816-இல் கிராம முன்சீப்புகளுக்கும் மாவட்ட முன்சீப்புகளுக்கும் சிறு வழக்குகளை விசாரிக்கும் அதிகாரம் தரப்பட்டது. மேல்முறையீட்டை விசாரித்து வந்த சதர் அதாலத்தின் இடத்தில் 1862-இல் சென்னை உயர்நீதிமன்றம் வந்தது. அதற்கும் மேலே பிரிவி கவுன்சில் இருந்தது. இந்து சாத்திரங்களை விளக்கிச் சொல்ல நீதிமன்றங்களில் பண்டிதர்கள் இருந்தனர். 1864-இல் அந்தப் பதவி நீக்கப்பட்டது.

நீதிமன்றங்களின் வழியாகப் பல அரபு, பாரசீகச் சொற்கள் ஊர்ப்பேச்சில் பரவி நிலைத்தன. தாவா, வக்கீல், வாய்தா, ஜாமீன், ஜப்தி, அமீனா, பைசல், தஸ்தாவேஜு ஆகியவை அத்தகையவை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் இச்சொற்களின் பொருளை அறிந்திருந்தனர்.

சிவகங்கை ஜமீன் வழக்கு

சிவகங்கைச் சீமை 1730-ஆம் ஆண்டளவில் இராமநாதபுரம் சேதுபதி சீமையிலிருந்து பிரிந்தது. 1801-இல் மருது சகோதரர்களுடன் போரிட்ட கிழக்கிந்தியக் கம்பெனி, கௌரி வல்லபத் தேவரைச் சிவகங்கைக்கு உரியவராக அறிவித்தது. அவ்வாண்டு அக்டோபர் 24-ஆம் நாள் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். 1803-இல் நிலையான ஜமீன் சனது வழங்கப்பட்டது.

கௌரி வல்லபத் தேவர் 1829-இல் இறந்தார். அவர் ஏழு பெண்களை மணந்திருந்தார். அவர்களுள் மூவர் அவருக்குப் பின்னும் உயிருடன் இருந்தனர். பெண் மக்கள் இருந்தும் வாரிசாக ஆண்மகன் இல்லை. அவருடைய அண்ணன் மகன் ஜமீனைக் கைப்பற்றினார். விதவைகளுள் ஒருவரான அங்கமுத்து நாச்சியார் தொடுத்த வழக்கு 1847-இல் தள்ளுபடியானது. மேல்முறையீடு முடியும் முன்பே அவர் இறந்துவிட, ஜமீன்தாரின் மகள் காத்தம நாச்சியார் வழக்கைத் தொடர்ந்தார்.

வழக்கின் மையக் கேள்வி எளிமையானது. பிரிக்கப்படாத கூட்டுக் குடும்பத்தின் பொதுச் சொத்து, மிதாட்சர முறைப்படி, எஞ்சியுள்ள ஆண் பங்காளிகளைச் சேரும். ஒருவர் தாமே ஈட்டிய சொத்தாக இருந்தால், மகன் இல்லாதபோது மனைவிக்கும், அவருக்குப் பின் மகளுக்கும் செல்லும். அப்படியானால் சிவகங்கை ஜமீன் இவற்றுள் எந்த வகை?

பிரிவி கவுன்சில் 1863-இல் தீர்ப்பளித்தது. கம்பெனி அரசு 1801-இல் புதிதாக அளித்ததே இந்த ஜமீன். எனவே அது கௌரி வல்லபரின் தனிச்சொத்து. குடும்பம் பிரியாமல் இருந்தாலும் தனிச்சொத்துக்கு விதவையும் மகளும் பங்காளிகளை முந்திய வாரிசுகள் என்று நீதிபதிகள் முடிவு செய்தனர். தந்தை இறந்து 34 ஆண்டுகளுக்குப் பின், 1864 முதல் காத்தம நாச்சியார் சிவகங்கையின் ஜமீன்தாரிணியாக இருந்தார். மருது சகோதரர்களை வீழ்த்துவதற்காகக் கம்பெனி எடுத்த அரசியல் முடிவு, இரு தலைமுறைக்குள் ஒரு பெண்ணின் சொத்துரிமைக்கு அடிப்படையானது.

இவ்வெற்றிக்கு ஓர் எல்லையும் இருந்தது. அக்காலச் சட்டப்படி இவ்வாறு சொத்தைப் பெற்ற பெண் வாழ்நாள் வரை அதை அனுபவிக்கலாம். தக்க தேவையின்றி விற்க முடியாது. அவருக்குப் பின் சொத்து அவருடைய வாரிசுகளைச் சேராமல், கடைசி ஆண் உரிமையாளரின் வாரிசுகளையே சேரும். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமே பெண்ணுக்கு முழு உரிமை அளித்தது.

இராமநாதபுரம் தத்தெடுப்பு வழக்கு

அண்டைச் சீமையான இராமநாதபுரத்தில் இராணி பர்வதவர்த்தினி நாச்சியார், தம் கணவர் இறந்த பின் முத்துராமலிங்கத்தைத் தத்தெடுத்தார். கணவரின் அனுமதியின்றி விதவை தத்தெடுத்தது செல்லாது என்று வாதிடப்பட்டது. கணவரின் உறவினர் ஒப்புதல் இருந்தால் தமிழ்நாட்டு வழக்கப்படி அது செல்லும் என்று பிரிவி கவுன்சில் 1868-இல் தீர்ப்பளித்தது. தெளிவாக நிறுவப்பட்ட ஊர்வழக்கத்துக்கு ஏட்டிலுள்ள விதியைவிட வலிமை அதிகம் என்பது இத்தீர்ப்பின் சாரம். இதனால் ஊர்வழக்கத்தை நிறுவச் சாட்சிகள் கூறியவையும் வரலாற்றுச் சான்றுகளாகத் தங்கின.

நகரத்தார் குடும்பமும் இலங்கை வரியும்

செட்டிநாட்டு நகரத்தார் பர்மா, மலாயா, இலங்கை நாடுகளில் வட்டித்தொழில் செய்தனர். ஆண்கள் தொழிலுக்காகக் கடல் கடந்து செல்ல, குடும்பம் பெரும்பாலும் ஊரிலேயே இருந்தது. இலங்கையில் தொழில் நடத்திய அருணாசலம் செட்டியாரின் மகன் 1934-இலும், தந்தை 1938-இலும் இறந்தனர். குடும்பத்தில் ஆண் பங்காளி எவரும் எஞ்சவில்லை என்பதால் மரணவரி செலுத்த வேண்டும் என்று இலங்கை அரசு வாதிட்டது. தத்தெடுத்து வாரிசை உண்டாக்கும் உரிமையுள்ள விதவைகள் இருந்ததால் கூட்டுக் குடும்பம் தொடர்ந்தது என்று பிரிவி கவுன்சில் 1957-இல் தீர்ப்பளித்தது. கொழும்பில் ஈட்டிய சொத்துக்கு வரி உண்டா என்ற கேள்விக்கான விடை, குடும்பத்துப் பெண்களின் உரிமையைச் சார்ந்திருந்தது.

கமுதி கோயில் வழக்கு

நீதிமன்றங்கள் எப்போதும் உரிமை இழந்தவர் பக்கம் நிற்கவில்லை. 1897-இல் நாடார்கள் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் சென்று வழிபட்டனர். கோயிலின் பரம்பரை அறங்காவலரான பாஸ்கர சேதுபதி மதுரையில் வழக்குத் தொடுத்தார். 1899-இல் தீர்ப்பு நாடார்களுக்கு எதிராக அமைந்தது. 1908-இல் பிரிவி கவுன்சிலும் அதையே உறுதி செய்தது. எந்தச் சமூகத்தார் கோயிலில் எதுவரை செல்லலாம் என்பதை நீதிபதிகள் பழைய வழக்கத்தைக் கொண்டே தீர்மானித்தனர். தத்தெடுப்பு வழக்கில் ஒரு பெண்ணுக்குத் துணைநின்ற 'வழக்கம்', இங்கே ஒரு சமூகத்தின் வழிபாட்டு உரிமையை மறுக்கக் காரணமானது. 1939, 1947-ஆம் ஆண்டுகளின் ஆலயப் பிரவேசச் சட்டங்களுக்குப் பின்னரே இந்நிலை மாறியது.

சான்றுகளாகப் பயன்படுத்தும் முறை

இந்த ஆவணங்களைக் கவனத்துடன் படிக்க வேண்டும். வழக்கு நடத்தப் பணம் தேவைப்பட்டதால் ஜமீன், வணிகர் குடும்பங்களின் செய்திகளே மிகுதியாக உள்ளன. கூலியாட்களும் சிறு குத்தகைதாரர்களும் குறைவாகவே இடம்பெறுகின்றனர். சாட்சிகள் தங்கள் தரப்புக்கு ஏற்பப் பேசியிருக்கலாம். தமிழில் சொன்னது ஆங்கிலத்தில் எழுதப்பட்டபோது உறவுமுறைச் சொற்களின் நுட்பம் மறைந்திருக்கலாம். சித்தப்பா, பெரியப்பா, மாமா ஆகிய மூவரையும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் குறிக்க முடியும் என்பது இதற்கு எடுத்துக்காட்டு.

பிரிவி கவுன்சில் தீர்ப்புகள் அச்சில் கிடைக்கின்றன. கீழமை நீதிமன்றக் கட்டுகளின் நிலை வேறு. 1917-ஆம் ஆண்டுப் பதிவேடுகள் அழிப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த விதிகள், குறித்த காலம் கடந்த கட்டுகளை அழிக்க இடமளிக்கின்றன. தீர்ப்பு தப்பினாலும் சாட்சிகளின் சொற்கள் அழிந்துபோகக்கூடும். வீடுகளில் பழைய தீர்ப்பு நகல்களும் பத்திரங்களும் வாக்குமூலப் படிகளும் இருந்தால், அவற்றைப் படியெடுத்துப் பாதுகாப்பது ஊர் வரலாற்றுக்குச் செய்யும் பெரும் உதவியாகும்.