விமான நிலையங்களில் பயோமாஸ் ஆலைகள்: ஐரோப்பிய அனுபவமும் இந்தியச் சூழலும்

பெரிய விமான நிலையம் ஒன்றின் எரிசக்தித் தேவை சிறு நகரம் ஒன்றின் தேவைக்கு நிகரானது. ஓடுபாதை விளக்குகள், பயண உடைமைகளைக் கையாளும் இயந்திரங்கள், முனையக் கட்டடங்களின் குளிரூட்டல் அல்லது வெப்பமூட்டல் ஆகிய அனைத்தும் இரவு பகலாக இயங்க வேண்டும். இத்தேவையின் ஒரு பகுதியை, பயோமாஸ் எனப்படும் மரம், பயிர்க்கழிவு போன்ற உயிரிப்பொருள்களை எரித்து நிறைவு செய்யும் முறை ஐரோப்பாவில் நடைமுறையில் உள்ளது.

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் 2014 ஜூனில் புதிய இரண்டாம் முனையம் திறக்கப்பட்டபோது, அதற்கென அமைக்கப்பட்ட எரிசக்தி மையத்தில் 10 மெகாவாட் திறன் கொண்ட கொதிகலன் இடம்பெற்றது. மரச்சில்லுகளை எரிக்கும் இந்த ஆலை வெப்பத்துடன் 2 மெகாவாட்டுக்குச் சற்றுக் குறைவான மின்சாரத்தையும் தருகிறது. இதற்கு ஆண்டுக்குச் சுமார் 25,000 டன் மரச்சில்லு தேவை என மதிப்பிடப்பட்டது. 25 டன் ஏற்றும் லாரி என்று கொண்டால், ஆண்டு முழுவதும் நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்று லாரிகள் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

பாரிஸின் சார்லஸ் டி கால் விமான நிலையத்தில் 2012-இல் தொடங்கப்பட்ட பயோமாஸ் ஆலை வெப்பத்தை மட்டும் வழங்குகிறது. ஸ்வீடனின் ஆர்லாண்டா விமான நிலையமோ தனக்கென ஆலை அமைக்காமல், அருகிலுள்ள பிரிஸ்டா அனல் மின் நிலையத்தின் வெப்பத்தைக் குழாய்கள் வழியே பெறுகிறது.

மின்சாரத்துடன் வெப்பத்தையும் பயன்படுத்துவதில்தான் இத்தகைய ஆலைகளின் சிறப்பு உள்ளது. மின்சாரம் மட்டும் தயாரிக்கும் பயோமாஸ் ஆலையில் எரிபொருளின் ஆற்றலில் பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே மின்சாரமாக மாறுகிறது. எஞ்சியது வெப்பமாக வீணாகிறது. அவ்வெப்பத்தை வாங்கிக்கொள்ள அருகிலேயே ஒருவர் இருந்தால் மொத்தப் பயன் 80 சதவீதம் வரை உயரும். இந்தியாவுக்கும் இது புதிதல்ல. கரும்புச் சக்கையை எரித்து, அந்நீராவியில் சாற்றைக் காய்ச்சி, உபரி மின்சாரத்தை விற்கும் சர்க்கரை ஆலைகள் நெடுங்காலமாகச் செய்து வருவது இதையே.

எதிர்க்கருத்துகளும் வலுவானவை. மரம் எரியும்போது வெளியாகும் கரியமில வாயுவைப் புதிதாக வளரும் மரங்கள் ஈர்த்துக்கொள்ளும் என்பதே ஆதரவாளர்களின் வாதம். ஆனால் எரிப்பதற்குச் சில நிமிடங்கள் போதும். வளர்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். மரஅறுவைக் கழிவும் பயிர்க்கழிவும் எரிக்கப்படும்போது இந்த வாதம் ஏற்கத்தக்கது. முழு மரங்கள் வெட்டப்படும்போது அவ்வாறன்று. விமானங்களாலும் வாகனங்களாலும் ஏற்கெனவே மாசடைந்த பகுதியில் இன்னொரு புகைபோக்கி எழுவதால், நுண்துகள்களைத் தடுக்கும் வடிகட்டிகளும் கட்டாயமாகின்றன.

இந்தியாவில் ஆண்டுதோறும் சுமார் 23 கோடி டன் உபரி உயிரிப்பொருள் கிடைப்பதாக மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகத்தின் ஆய்வு மதிப்பிட்டுள்ளது. அதில் ஒரு பகுதி பஞ்சாப், ஹரியாணா வயல்களில் நெல் அறுவடைக்குப் பின் எரிக்கப்பட்டு, தில்லியின் காற்றை மாசுபடுத்துகிறது. அந்த வைக்கோலைத் தில்லி விமான நிலையத்திலேயே முறையாக எரிக்கலாமே என்ற கேள்வி இயல்பானது.

ஆனால் தில்லி விமான நிலையம் 2022 ஜூன் முதல் நீர்மின்சாரத்தையும் சூரிய மின்சாரத்தையும் கொண்டே இயங்குகிறது. கொச்சி விமான நிலையம் 2015 முதலே முழுவதும் சூரிய மின்சாரத்தில் இயங்கி வருகிறது. ஆகவே மின்சாரத்துக்காக மட்டும் இங்கு பயோமாஸ் ஆலை தேவைப்படாது. வெப்பத்துக்கும் பெரிய தேவை இல்லை. இந்திய முனையங்களுக்கு வேண்டியது குளிர்ச்சி. வெப்பத்தைக் கொண்டே குளிர்நீர் தயாரிக்கும் 'அப்சார்ப்ஷன் சில்லர்' இயந்திரங்களை இணைத்தால் மட்டுமே கணக்கு பொருந்தி வரும்.

எரிபொருளிலும் சிக்கல் உண்டு. வைக்கோலில் உள்ள பொட்டாசியமும் குளோரினும் கொதிகலன் குழாய்களில் படிந்து அரிப்பை உண்டாக்கும். அறுவடை சில வாரங்களில் முடிந்துவிடுவதால், ஆண்டு முழுவதற்குமான வைக்கோலைத் தீப்பிடிக்காமலும் நனையாமலும் சேமிக்கப் பரந்த இடம் வேண்டும். விமான நிலையத்தை ஒட்டிய நிலத்தின் விலையில் அது எளிதல்ல. மேலும், நிலக்கரியுடன் 2024-25 நிதியாண்டு முதல் 5 சதவீதமும் 2025-26 முதல் 7 சதவீதமும் பயோமாஸ் கலந்து எரிக்க வேண்டும் என 2023-இல் திருத்தப்பட்ட மத்திய மின்துறைக் கொள்கை அனல் மின் நிலையங்களுக்கு விதித்தது. அதே வைக்கோலுக்காக விமான நிலையம் இனி அவற்றுடன் போட்டியிட வேண்டியிருக்கும்.